என் தூக்கத்தில் ஏகாம்பரத்தின் துண்டு

செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போனபோது என் தூக்கத்தில் ஏகாம்பரத்தின் துண்டு கிடந்தது.

ஏகாம்பரம் எங்களுக்கு மேல் மாடியில் இருப்பவர். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். துண்டு அவருடையதுதான், சந்தேகமில்லை. நீலக் கரை. ஓரத்தில் இஸ்திரிப் பெட்டி சுட்ட பழுப்புத் தழும்பு. அதைத் தினமும் மொட்டைமாடிக் கொடியில் பார்க்கிறேன்.

துண்டு கிடந்தால் இடம் துண்டுக்காரருடையது. பேருந்தில் எப்படியோ தூக்கத்திலும் அப்படித்தான். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எழுந்து போய் முகம் கழுவினேன்.

நான் துண்டு போடுகிற ஆள் இல்லை. கல்யாணப் பந்தியில்கூட சாப்பிடுகிறவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்று அவர் எப்போது மோர் ஊற்றிக்கொள்வார் என்று பார்க்க மாட்டேன். அது எனக்கு வராது. கல்லூரியில் உளவியல் நடத்துகிறவனுக்கு ஒரு கௌரவம் இருக்கிறதல்லவா. எனக்கும் சேர்த்து பூங்கோதைதான் போட்டு வந்தாள். பூங்கோதை என் மனைவி. பச்சைக் கட்டம் போட்ட துண்டு ஒன்றை எப்போதும் பையில் வைத்திருப்பாள். பேருந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாக அது உள்ளே போய்விடும். தூக்கத்துக்கும் அவள்தான் மதியமே இரண்டு பேருக்கும் போட்டுவிடுவாள்.

அன்று அவள் ஸ்கேன் எடுக்கப் போயிருந்தாள். துண்டும் கூடவே போயிருந்தது.

தூங்காதவனுக்கு நாள் மாறாது. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அன்று இரவு பூங்கோதை தூங்கி எழுந்து புதன்கிழமைக்குப் போய்விட்டாள். நான் செவ்வாய் மதியத்திலேயே இருந்தேன். பால்கனியில் காயப்போட்ட சட்டையின் காலரில் வெயில் அப்படியே நின்றது. செய்தித்தாளை மறுபடி படித்தேன். குறுக்கெழுத்துப் புதிரை ஏற்கெனவே முடித்திருந்தேன். சாம்பார் கெடவே இல்லை.

"எந்திரிச்சிட்டீங்களா?" என்று பூங்கோதை சமையலறையிலிருந்து கேட்டாள். குரல் சற்றுத் தள்ளிக் கேட்டது. புதன்கிழமையிலிருந்து பேசுகிறாள் அல்லவா.

"தூங்கவே இல்ல. ஏகாம்பரம் துண்டு போட்டுட்டாரு."

"எதுல?"

"என் தூக்கத்துல."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"பாத்துக்கிட்டு இருந்தேன்."

"அதான பாத்தேன்," என்றாள்.

பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது. அதுவும் தள்ளித்தான் கேட்டது.

"வெள்ளிக்கிழமை காலைல ஆபரேஷன். ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கு."

"என்னை உள்ள கொண்டு போறப்ப நீங்க வெளில நிக்கணும்."

"நிப்பேன்."

"செவ்வாய்க்கிழமைல நின்னீங்கன்னா எனக்குத் தெரியாது."

அவள் இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை. அதை எடுத்துவிட்டு வேறு வைக்கப் போகிறார்கள். வைக்கும்வரை அவளைத் தூங்க வைத்திருப்பார்கள். டாக்டர் இதை மிகச் சாதாரணமாகச் சொன்னார். நானும் சாதாரணமாகத் தலையாட்டினேன். வெளியே வந்ததும் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு பாதித் தூரம் நடந்துவிட்டேன்.

மாடிக்குப் போனேன். ஏகாம்பரத்தின் மனைவி வனஜா கதவைத் திறந்தார். அவரும் புதன்கிழமைதான்.

"அவர் இருக்காரா?"

"இல்லண்ணா. அடுத்த வாரம் போயிட்டாரு."

"அதுக்குள்ளயா?"

"ரெண்டு தூக்கம் கெடச்சிருச்சுல்ல. மாத்தி மாத்தித் தூங்குறாரு. இப்ப திங்கக்கிழமைல இருக்காரு."

"எப்ப வருவாரு?"

"அவர் எங்க வர்றது? நாமதான் போகணும்."

வனஜா சொன்ன விஷயம் இதுதான். ஏகாம்பரம் வேண்டுமென்று செய்யவில்லை. தன் தூக்கம் என்று நினைத்துத் துண்டை வீசியிருக்கிறார். ஜன்னல் மாறிவிட்டது. மதுரை வண்டி என்று தஞ்சாவூர் வண்டியில் போடுவதில்லையா, அதுபோல.

"நீங்க வந்து அந்தத் துண்டை எடுத்துட்டீங்கன்னா..." என்றேன்.

வனஜா வாயில் கைவைத்துக்கொண்டார். "போட்ட துண்ட எடுக்கலாமாண்ணா? நாளப்பின்ன நாங்க நாலு பேரு மொகத்துல முழிக்க வேணாமா?"

அதுவும் நியாயம்தான். படி இறங்கத் திரும்பினேன். பிறகு கேட்கக் கூடாததைக் கேட்டேன்.

"அவரு திங்கக்கிழமைலதான இருக்காரு. பூங்கோதை எப்படியிருக்கான்னு கேட்டீங்களா?"

"கேட்டேண்ணா."

"என்ன சொன்னாரு?"

"உங்க வீடு பூட்டிக் கெடக்காம்."

வேறொன்றும் அவர் சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. வீடு பூட்டியிருப்பதற்கு எத்தனையோ காரணம் இருக்கலாம். அத்தனையையும் படி இறங்குவதற்குள் யோசித்துவிட்டேன். எங்கள் வீடு வந்த பிறகும் படிகள் முடியவில்லை. இன்னும் சில படிகள் இறங்கிவிட்டுத் திரும்ப ஏறி வந்தேன்.

பூங்கோதை வியாழக்கிழமைக்குப் போயிருந்தாள். குரல் இன்னும் மெலிந்திருந்தது.

"பஸ் ஸ்டாண்டுல போய்ச் சொல்லிப் பாருங்க," என்றாள். "காரணம் சரியா இருந்தா வேற தூக்கம் குடுக்குறாங்களாம்."

"காரணம்தான? அது என் பாடமாச்சே."

"பேச்சுக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல," என்றாள் வியாழக்கிழமையிலிருந்து.

துணிப்பையில் பிளாஸ்கையும் அவளுடைய ஸ்கேன் படத்தையும் போட்டுக்கொண்டு கிளம்பினேன். ஸ்கேன் படத்தை யாரும் கேட்கப் போவதில்லை. விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. தெருவில் எனக்கு வெயில் அடித்தது. எதிரே வந்த வியாழக்கிழமைக்காரர்கள் நனைந்து வந்தார்கள். ஒருவர் குடையை என் பக்கமாக உதறினார். ஒரு சொட்டும் என்மேல் படவில்லை.

தூக்கக் காரண அலுவலகம் பேருந்து நிலையத்தின் கடைசியில், புறப்படாத ஒரு பேருந்தில் இயங்குகிறது. ஊர்ப்பெயர் இருக்க வேண்டிய பலகையில் 'காரணம்' என்று எழுதியிருந்தது. நடத்துனர் எஞ்சின் மூடிமேல் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தார். விசில் கழுத்தில் தொங்கியது.

"எதுக்கு?" என்றார்.

"தூங்க."

"அது மொகத்தப் பாத்தாலே தெரியுது. எதுக்குன்னு கேட்டேன்."

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். மனிதர் ஏன் உறங்குகிறார் என்பது எங்கள் பாடத்தில் ஐந்து மதிப்பெண் கேள்வி. வருடம் தவறாமல் நடத்துகிறேன். கோட்பாடு ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். எனக்கு ஒன்று போதும்.

"பகல் முழுக்க உடம்பு தேயுது. தூக்கத்துல தன்னைத்தானே பழுது பாத்துக்குது. இது சீரமைப்புக் கோட்பாடு."

"மொத ரெண்டு வரிசை," என்று நடத்துனர் கடலைத் தோலால் காட்டினார். "ஆள் இருக்கு."

முதல் வரிசையில் என் பழைய மாணவி முபீனா உட்கார்ந்திருந்தாள். அவளோடு படித்தவர்கள் பின்வரிசையில். "வணக்கம் சார்!" என்று பாதி எழுந்தாள். எழுந்தால் யாராவது உட்கார்ந்துவிடுவார்கள் என்று ஞாபகம் வந்து உடனே உட்கார்ந்துகொண்டாள்.

"நல்லாத் தூக்கம் வருதாம்மா?"

"வருது சார். நீங்க நடத்துனதுதான் சார். அப்பவே உங்க வகுப்புல தூங்கிப் பாத்துட்டோம்."

இதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். அடுத்ததற்குப் போனேன்.

"சக்தி சேமிப்பு. வேலை இல்லாத நேரத்துல உடம்பு செலவக் கொறைக்குது. வேண்டாத விளக்க அணைக்கிற மாதிரி."

"மூணாவது வரிசை ஜன்னல். ஏகாம்பரம் சாரோடது."

"அவர் துண்டுதான் என்கிட்ட இருக்கே."

"குடை இருக்கு பாருங்க."

குடை இருந்தது. வனஜா முன்ஜாக்கிரதையானவர்.

நான் பேருந்துக்குள் நடந்தேன். நடக்க நடக்கப் பேருந்து நீண்டது. இருக்கைகள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றிலும் ஏதாவது கிடந்தது. துண்டு, கைக்குட்டை, செய்தித்தாள், ஓரிடத்தில் ஒற்றைச் செருப்பு. நடத்துனர் எஞ்சின்மேல் உட்கார்ந்தபடியே என் பக்கத்தில் இருந்தார்.

"ஆதிகாலத்துல ராத்திரி வெளிய போனா மிருகம் அடிச்சிரும்," என்றேன். "அடங்கி ஒரு மூலைல படுத்தவன்தான் பொழைச்சான். அந்தப் பழக்கம் நமக்கு வந்துருச்சு. பரிணாமக் கோட்பாடு."

"இந்த சீட்டுதான். ஆள் வருது."

"யாரு வர்றாங்க?"

"புலி."

நான் மேற்கொண்டு கேட்கவில்லை. இருக்கையில் பூப்போட்ட கைக்குட்டை விரித்திருந்தது.

"பகல்ல படிச்சது, பாத்தது எல்லாத்தையும் மூளை தூக்கத்துல அடுக்கி வைக்குது. தேவையில்லாதத வெளிய தள்ளுது. நினைவுக்..."

"பிள்ளைங்க பை போட்டிருக்கு."

ஆமாம். ஒரு வரிசை முழுக்கப் பள்ளிக்கூடப் பைகள். ஒன்றின் மேல் ஒன்று. அடுக்கித்தான் வைத்திருந்தார்கள்.

"நிறைவேறாத ஆசையெல்லாம் கனவா வந்து..."

"அது லேடீஸ் சீட்டு சார்."

அந்த இருக்கையில் மல்லிகைப்பூ வைத்த ஓர் அம்மாள் திரும்பி, "என்ன வேணும்?" என்றார். "ஒண்ணுமில்லம்மா," என்றேன். ஐந்து மதிப்பெண்ணும் தீர்ந்துவிட்டது.

வெளியே யாரோ வெள்ளிக்கிழமை மாலையின் கட்டணத்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஊர் பாதி வெள்ளிக்குப் போய்விட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. பூங்கோதை எங்கே இருக்கிறாள் என்றும் தெரியவில்லை. எனக்குப் பக்கத்தில் ஓர் இருக்கையில் ஒரு சின்னக் கைக்குட்டைதான் கிடந்தது. நான்காக மடித்தது. ஒரு விரலால் தள்ளினால் விழுந்துவிடும். நான் கையை நீட்டினேன்.

பேருந்தில் விசிறிக்கொண்டிருந்தவர்கள் விசிறுவதை நிறுத்தினார்கள். முபீனா, "சார்..." என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. வருத்தம்தான் இருந்தது. நான் கையை மடக்கி மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டேன். என்மேலேயே எனக்கு எரிச்சலாக வந்தது. எடுக்கவும் துணிச்சல் இல்லை, போடவும் துப்பு இல்லை.

"வேற?" என்றார் நடத்துனர்.

"பாடத்துல இவ்வளவுதான்."

"அப்ப எறங்கிக்கங்க."

"வெள்ளிக்கிழமை என் மனைவிக்கு மயக்க மருந்து குடுப்பாங்க," என்றேன். இதைச் சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. "நெஞ்சைத் திறக்கிறாங்க. அவ தூங்கறப்ப நான் முழிச்சிருக்கணும். செவ்வாய்க்கிழமைல முழிச்சிருந்து என்ன பிரயோஜனம்? வெள்ளிக்கிழமைல முழிச்சிருக்கணும். அதுக்குத்தான் தூக்கம் கேக்குறேன். வேற ஒண்ணுக்கும் இல்ல."

நடத்துனர் கடலை உரிப்பதை நிறுத்தினார்.

"தூங்கறதுக்குக் காரணம் கேட்டா முழிக்கிறதுக்குச் சொல்றீங்க."

"ஆமா."

"இதுக்கு சீட்டு கெடையாது."

"தெரியும்."

அவர் விசிலை எடுத்து வாயில் வைத்தார். ஊதாமல் எடுத்துவிட்டார். "ஸ்டாண்டிங்ல வேணா வாங்க. கம்பியப் பிடிச்சுக்கங்க."

நான் முன்னால் வந்து முபீனாவின் பக்கத்தில் நின்றேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். தூக்கம் வரவில்லை. பை தோளிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது. ஏற்றிவிட்டால் பிளாஸ்க் முபீனாவின் தலையில் இடித்தது. இடித்தால் நான் கண்ணைத் திறந்து மன்னிப்புக் கேட்டேன். திரும்ப மூடினால் திரும்ப நழுவியது. பேருந்து புறப்படாவிட்டாலும் வளைவுகளில் சாய்ந்தது.

"பையக் குடுங்க சார்."

"பரவால்லம்மா."

"குடுங்க சார்."

கொடுத்தேன். அவள் வாங்கி மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். என் தோள் லேசானது. அந்த நிமிடமே எனக்குக் கண் சொருகியது. பாடத்தில் இது இல்லையே என்று நினைத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

"புதன்! புதன் எறங்கறவங்க!" என்று நடத்துனர் கத்தினார். விழித்தேன். பேருந்து அதே இடத்தில் நின்றது. சிலர் இறங்கினார்கள். தூங்கினேன். "வியாழன்! படில நிக்காதீங்க!" மழைச்சாரல் முகத்தில் அடித்தது. தூங்கினேன். நல்ல தூக்கம். நின்றுகொண்டு இவ்வளவு நன்றாகத் தூங்க முடியும் என்று யாராவது சொன்னால் நான் மதிப்பெண் கொடுத்திருக்க மாட்டேன்.

"வெள்ளி! ஆஸ்பத்திரி எறங்கறவங்க முன்னாடி வாங்க!"

"சார், உங்க பை," என்றாள் முபீனா. அவள் குரல் சற்றுத் தள்ளிக் கேட்டது.

"நீ தூங்கலயாம்மா?"

"உங்க பை இருந்துச்சே சார்."

அவளுக்கு இன்னும் செவ்வாய்க்கிழமை. "நல்லாருப்ப," என்றேன். அவளுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. நடத்துனர் விசில் ஊதினார். நான் இறங்கினேன்.

ஆஸ்பத்திரி நடைகூடம் நான் போகப் போக நீண்டது. வெள்ளிக்கிழமை என்பதால் கூட்டம் வேறு. கடைசியில் இரட்டைக் கதவுக்கு முன்னால் ஸ்ட்ரெச்சர் நின்றது. பூங்கோதை பச்சை அங்கியில் படுத்திருந்தாள். கையில் வளையல் இல்லை. வளையல் இல்லாத அந்தக் கையை நான் பார்த்ததே இல்லை. அந்தக் கை பையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தது.

"வந்துட்டீங்களா?" என்றாள். குரல் பக்கத்தில் கேட்டது. நாங்கள் இருவரும் வெள்ளிக்கிழமையில் இருந்தோம். எனக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"வந்துட்டேன்."

"எடம் கெடச்சுதா?"

"நின்னுக்கிட்டு வந்தேன்."

"அதான பாத்தேன்," என்று சிரித்தாள்.

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் என்னைப் பார்த்துக் கையை விரித்தார். "ஊசி போட்டு எவ்வளவோ நேரமாச்சு சார். தூங்க மாட்டேங்கிறாங்க. எங்ககிட்ட இருக்கற மருந்தெல்லாம் குடுத்துப் பாத்துட்டோம்."

நான் குனிந்தேன். "பையக் குடு," என்றேன்.

"பரவால்ல."

"குடும்மா."

அவள் என்னைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு கொடுத்தாள். நான் வாங்கி என் பையோடு சேர்த்து மாட்டிக்கொண்டேன். அவள் கண் மூடியது. டாக்டர், "போலாம்," என்றார். ஸ்ட்ரெச்சர் உள்ளே போனது. இரட்டைக் கதவு இரண்டு முறை ஆடி நின்றது.

கதவுக்கு மேலே காற்றோட்டத்துக்கு ஒரு சின்ன ஜன்னல் திறந்திருந்தது. பெஞ்சின் மேல் ஏறி நின்றதும் உள்ளே தெரிந்தது. ஆபரேஷன் அறை தெரியவில்லை. கட்டில்கள்தான் தெரிந்தன. முதலில் சனிக்கிழமைக் கட்டில். அதற்கு அடுத்து ஞாயிறு. வெள்ளை விரிப்பு, தலையணை, பக்கத்தில் தண்ணீர்ச் சொம்பு. சனிக்கிழமைக் கட்டில்தான் அவள் விழிக்க வேண்டிய இடம். அது காலியாகத்தான் கிடந்தது. அதில் ஒன்றுமே போட்டிருக்கவில்லை.

நடைகூடத்தில் நிறையப் பேர் நின்றார்கள். எல்லோரும் தலையைத் தூக்கி அந்த ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் ஒருவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மெல்லச் சுருட்ட ஆரம்பித்தார். அவருக்கும் உள்ளே யாரோ இருந்திருக்க வேண்டும். பாவம்தான். ஆனால் அன்று நான் யாருக்காகவும் பாவப்படுகிற நிலையில் இல்லை.

பூங்கோதையின் பையைத் திறந்தேன். காகிதத்தில் சுற்றிய வளையல்கள். சீப்பு. அடியில் பச்சைக் கட்டம் போட்ட துண்டு. எடுத்தேன். என் வாழ்க்கையில் இதைச் செய்ததில்லை.

திங்கட்கிழமை எங்கள் வீடு பூட்டிக் கிடக்கும் என்று ஏகாம்பரம் சொன்னது ஞாபகம் வந்தது. சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தேன். சாவி என்னிடம்தான் இருந்தது; நான் இங்கே இருந்தால் வீடு பூட்டித்தானே கிடக்கும்.

ஏகாம்பரத்துக்கு ஜன்னல் மாறியதுபோல எனக்குக் கட்டில் மாறிவிடக் கூடாது. இன்னொரு தடவை பார்த்தேன். சனிக்கிழமைதான். துண்டைச் சுருட்டி, அவள் எறிவதுபோலவே மணிக்கட்டைத் திருப்பி எறிந்தேன். அது உள்ளே போய் விரிந்து தலையணைமேல் சரியாக விழுந்தது.

பக்கத்திலிருந்தவர் தன் துண்டைப் பிடித்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அங்க ஆள் இருக்கா?" என்றார்.

"வருது," என்றேன்.